நாலு சக்கரம் – 17: மஞ்சள் துணி செய்த வேலை

பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பேடும் டிஸ்க்கும் உரசித் தேய்கின்றன என்று போன வாரம் எழுதியிருந்தேன். தேய்ந்த இரும்பு எங்கே போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதில் ஒரு பங்கு உங்கள் கார் மேலேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

இது எனக்குத் தெரிந்தது ஒரு பயத்தில். சென்னையில் மின்சார ரயில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் குடியிருந்தேன். வண்டி வெள்ளை நிறம். ஒரு நாள் கழுவும்போது பார்த்தால், கதவெல்லாம் பொடிப்பொடியாக ஆரஞ்சுப் புள்ளிகள். தகடு துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று பதறி, தெரிந்த பெயின்டரிடம் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் பதில் சொல்லவில்லை. டீக்கடை பாலிதீன் கவர் ஒன்றை என் கையில் மாட்டிவிட்டு, "இப்போ தடவிப் பாருங்க சார்" என்றார். வெறுங்கைக்கு வழவழவென்றிருந்த கதவு, கவர் போட்ட கைக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

"துரு உள்ளேருந்து வரல சார். மேலேருந்து விழுந்திருக்கு."

ரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போதும், நம் பிரேக் டிஸ்க் தேயும்போதும் பறக்கும் இரும்புத் துகள்கள் பெயின்ட் மேல் படிந்து ஒட்டிக்கொள்கின்றன. பனி ஈரம் பட்டதும் அங்கேயே துருவேறுகின்றன. ஷாம்பூவுக்கு அவை அசைவதில்லை.

சாலை அழுக்கு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அது ஒரு பெரிய கூட்டணி. டயர் ரப்பர் துகள், டீசல் கரி, புது ரோட்டில் தெறிக்கும் தார், மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களின் சிமென்ட் தூசி, கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று. போதாததற்கு நாமே ஊற்றும் போர் தண்ணீர். உச்சி வெயிலில் கழுவினால் சொட்டு காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வட்டம் மிஞ்சும். காக்கை எச்சம் இன்னும் மோசம். வெயிலில் இளகும் பெயின்ட்டின் மேல் அது காய்ந்து இறுகி, தன் தடத்தைப் பதித்துவிட்டுத்தான் போகும்.

இவ்வளவையும் தாங்குவது எது? இன்றைய கார்களில் நிறத்துக்கு மேல் 'கிளியர் கோட்' என்ற நிறமற்ற பூச்சு உண்டு. பளபளப்பும் அதில்தான், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் அதில்தான். அதன் கனம் சுமார் 40 மைக்ரான். தலைமுடி ஒன்றின் கனம் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, உங்கள் காரின் அழகு முழுக்க ஒரு முடியைவிட மெல்லியது.

அந்த முடியை நாம் தினமும் எதால் தேய்க்கிறோம்? மஞ்சள் துணியால்! காலையில் தூசி படிந்த பானெட்டைத் தண்ணீர் விடாமல் துடைப்பது நம் ஊர் வழக்கம். தூசியில் பெரும்பங்கு மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், சமையலறைக் கத்தியைவிடக் கடினமானது. அடுக்குமாடிகளில் ஒரே வாளித் தண்ணீரில் நாலு வண்டி துடைக்கிறார்கள். முதல் காரின் மணல் நாலாவது காரைக் கீறுகிறது. இரவில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருக்கும். உண்மையில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விளக்கைச் சுற்றி வளைந்து நிற்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுவதால் வலையாகத் தெரிகிறது.

இங்கேதான் பாலிஷ் வருகிறது. பாலிஷ் எதையோ பூசிப் பளபளப்பாக்குவது என்றே நானும் நினைத்திருந்தேன். அது செதுக்கும் வேலை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியிருக்கும் மேற்பரப்பையும் இறக்கிச் சமமாக்குகிறார்கள். சமமான பரப்பில் ஒளி சிதறாமல் திரும்புகிறது, அதுதான் பளபளப்பு. பெயின்ட் பட்டறைகளில் கார் பெயின்ட்டை இன்னும் 'டியூகோ' என்பார்கள். அது டு பான்ட் கம்பெனியின் பெயின்ட். 1923-இல் அமெரிக்காவின் ஓக்லேண்ட் கார்களில் முதலில் வந்தது. பெயின்ட் காய வாரக்கணக்கில் காத்திருந்த தொழிற்சாலைகளுக்கு அது மணிக்கணக்கில் காய்ந்து கொடுத்தது. ஆனால் அடித்ததும் மங்கலாகத்தான் இருக்கும், தேய்த்துத்தான் மினுக்க வேண்டும். அதாவது, பளபளப்பு டப்பாவிலிருந்து வரவில்லை, தேய்த்த கையிலிருந்து வந்தது.

என் காருக்குப் பெயின்டர் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் இரும்பைக் கரைக்கும் திரவம். தெளித்த இரண்டு நிமிடத்தில் வெள்ளைக் கதவில் ஊதா நிறம் வழிந்தது, இரும்போடு சேர்ந்தால் அது அப்படித்தான் நிறம் மாறும். அடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக் களிமண் கட்டியால் நீவி, ஒட்டியிருந்த மிச்சத்தை உருவி எடுத்தார். அதற்குப் பிறகுதான் பாலிஷ் மெஷினைத் தொட்டார். அழுக்கு இருக்கும்போதே மெஷினை வைத்தால் அந்த அழுக்கே உப்புத்தாள் ஆகிவிடும். கடைசியில் வாக்ஸ். பாலிஷ் எடுக்கும், வாக்ஸ் மூடும், இரண்டும் ஒன்றல்ல. மூடாமல் விட்டால் அடுத்த மழைக்கே அழுக்கு நேராகப் பெயின்ட்டில் உட்காரும்.

"வருஷா வருஷம் இதே மாதிரி அடிச்சிடலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"எத்தனை தடவை சார் எடுக்கறது? இருக்கறதே ஒரு முடி" என்றார்.

ஒவ்வொரு கனத்த பாலிஷும் அந்த 40 மைக்ரானில் சிலவற்றைத் தின்கிறது. தீர்ந்த இடத்தில் வெயில் இறங்கி, பாம்புச் சட்டை மாதிரி உரியும். பிறகு பாலிஷ் உதவாது, மறுபடி பெயின்ட்தான். அதனால் வாக்ஸை மாதக்கணக்கில் யோசியுங்கள், பாலிஷை வருடக்கணக்கில். தினமும் தூசியைத் தண்ணீர் பீய்ச்சி இறக்கிய பிறகே துணியை வையுங்கள், மைக்ரோஃபைபராக இருந்தால் நல்லது.

என் மஞ்சள் துணி இப்போது டிக்கியில் ஸ்டெப்னி மேல் கிடக்கிறது. டயர் மாற்றினால் கை துடைக்க ஆகும்.

(அடுத்த வாரம்: அந்த ஸ்டெப்னிக்கு வயசு என்ன? டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படிப்பது எப்படி?)