நரம்பும் நஞ்சும்

மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து கிளைக்கும் 12 இணை மூளை நரம்புகளும் 31 இணைத் தண்டுவட நரம்புகளும் உடலின் பிற பகுதிகளை மையத்தோடு இணைக்கின்றன.

நரம்பணுவின் வழியே செய்தி மின்துடிப்பாகச் செல்கிறது. ஆயினும், நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. மின்துடிப்பு முனையை அடைந்ததும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. அதன் பின்னரே தசை சுருங்கும்.

சில பாம்புகளின் நஞ்சு தாக்குவது இச்சந்திப்பையே. கோவை, ஈரோடு வட்டாரங்களில் தோட்டத்துச் சாளைகளில் தரையில் உறங்குவோரைக் கட்டுவிரியன் இரவில் கடிப்பதுண்டு. கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. ஆனால், அதன் நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைத்து அசிட்டைல்கோலின் வெளிப்படாமல் தடுக்கிறது. நாகத்தின் நஞ்சோ தசையின் ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. இரண்டிலும் மூளை ஆணையிடும், தசை கேளாது. முதலில் இமைகள் சரியும்; பேச்சுக் குழறும்; விழுங்க இயலாது; இறுதியில் உதரவிதானம் செயலிழந்து மூச்சு நிற்கும். அசைவற்றுக் கிடப்பவருக்கு நினைவு தெளிவாகவே இருக்கலாம்.

எனவே, வலியில்லை என்று வாளாவிருத்தலும் மந்திரிக்கச் சென்று காலம் போக்குதலும் உயிருக்கே கேடாகும். கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 108 ஊர்தியில் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நச்சுமுறி மருந்து குருதியில் உலவும் நஞ்சை முறிக்கும். சிதைந்த நரம்பு முனையை மீட்காது. அம்முனைகள் மீண்டும் தளிர்க்க நாள்களோ வாரங்களோ ஆகும். அதுவரை செயற்கைச் சுவாசக் கருவி மூச்சைத் தாங்குமாயின், நரம்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், உயிரும் பிழைக்கும்.