அந்தியோகியாவில் ஒரு பந்தி

சென்ற இதழில் எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் வரலாற்றைக் கூறி நிறுத்தினோம். புறஜாதியாரிலிருந்து கிறிஸ்துவைப் பின்பற்ற வந்தவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ளத்தான் வேண்டுமோ என்று எழுந்த வழக்கில், வேண்டுவதில்லை என்ற முடிவு ஏறத்தாழ கி.பி. 49-ஆம் ஆண்டில் பிறந்தது. பவுல் தம்முடன் அழைத்துச் சென்ற தீத்து என்னும் கிரேக்கர், விருத்தசேதனம் செய்துகொள்ளும்படி ஒருவராலும் கட்டாயப்படுத்தப்படாமலே அங்கே சகோதரராக ஏற்கப்பட்டார். யாக்கோபும் பேதுருவும் யோவானும் பவுலுக்கும் பர்னபாவுக்கும் வலக்கரம் கொடுத்து ஐக்கியத்தை உறுதிசெய்தனர். வழக்கு அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சங்கத்தில் தீர்ந்துபோனதாக எல்லாரும் நம்பிய வழக்கு, சில காலத்துக்குள் அந்தியோகியாவில் சாப்பாட்டுப் பந்தியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரொந்தஸ் நதிக்கரையில் கி.மு. 300-இல் செலூக்கஸ் மன்னன் தன் தந்தையின் பெயரால் நிறுவிய அந்நகரம், பவுலின் காலத்தில் ரோம ஏகாதிபத்தியத்தின் சீரியா மாகாணத்துக்குத் தலைநகரமாய், ரோமாபுரிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்தபடியாக எண்ணப்பட்ட பெருநகரமாய் விளங்கிற்று. யூதர் அங்கே பல தலைமுறைகளாகப் பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். அவர்களுடைய வழிபாட்டினால் கவரப்பட்டுக் கிரேக்கர் பலர் அவர்களை நாடி வந்தனர் என்று சரித்திராசிரியரான ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். ஸ்தேவான் கல்லெறியுண்டு மாண்டபின் எருசலேமை விட்டுச் சிதறிய சீஷர்களில் சிலர் இந்நகரை அடைந்து, யூதரோடு நில்லாமல் கிரேக்கரிடத்திலும் தங்கள் செய்தியை அறிவித்தனர். கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதல் வழங்கலானதும் இங்கேதான்.

அக்காலத்துச் சபைக்குத் தனியே ஆலயக் கட்டடம் கிடையாது, வீடுகளில் கூடினார்கள். கர்த்தருடைய நினைவாக அப்பம் பிட்பதும் பசியாற உண்பதும் ஒரே விருந்தின் இரு பகுதிகளாயிருந்தன. ஆகையால், யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது வீட்டு வழக்கத்தைப் பற்றிய கேள்வியாக நின்றுவிடவில்லை. பந்தி இரண்டானால் சபையும் இரண்டாகும்.

இந்நகருக்குப் பேதுரு வந்தார். முன்பு யோப்பா பட்டணத்தில் ஒரு வீட்டின் மேல்தளத்தில், சுத்தமும் அசுத்தமுமான சகல ஜீவன்களும் ஒரு பெரிய துப்பட்டியில் இறக்கப்படுவதாகத் தரிசனம் கண்டு, அதன் பொருளை உணர்ந்து, செசரியாவில் கொர்நேலியு என்ற ரோம நூற்றுக்கதிபதியின் வீட்டுக்குள் துணிந்து நுழைந்தவர் அவர். அந்தியோகியாவிலும் அவர் தயக்கமின்றிப் புறஜாதிச் சகோதரர்களோடு ஒன்றாயிருந்து உண்டார். பிறகு யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தனர். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பவுல் எழுதவில்லை; பேதுரு அவர்களுக்கு அஞ்சிச் சிறிது சிறிதாக விலகித் தனியே உண்ணத் தொடங்கினார் என்பதை மட்டும் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கூறுகிறார். தலைவர் எழுந்தால் பந்தியில் மற்றவர்கள் எப்படி இருப்பார்கள்? யூதச் சகோதரர்கள் எல்லாரும் அவரைத் தொடர்ந்தனர். பர்னபாவும் தொடர்ந்தார்.

அந்த ஒரு பெயரை எழுதும்போது பவுலின் நெஞ்சு எவ்வளவு நொந்திருக்கும் என்பதை, இந்நிருபத்தைப் படிக்குந்தோறும் நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. சபையைத் துன்புறுத்தியவர் என்று எருசலேமில் எல்லாரும் அஞ்சி ஒதுக்கிய காலத்தில், அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலர்களிடம் அழைத்துச் சென்றவர் பர்னபா. தர்சு பட்டணம் வரையில் தேடிப்போய் அவரை அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்து, ஓராண்டு முழுவதும் அருகிருந்து ஊழியம் செய்தவர் பர்னபா. புறஜாதியாருக்காக எருசலேமில் பவுலின் பக்கத்தில் நின்று வழக்காடியவரும் அவரே. அவருங்கூட இழுபட்டார் என்று எழுதும் வாக்கியத்தில் கோபத்தைக் காட்டிலும் துக்கமே மிகுதியாகத் தொனிக்கிறது.

இந்த இடத்தில் வாசகர் பேதுருவைக் கோழை என்றும், யாக்கோபின் ஆட்களை வெறும் சடங்குப் பித்தர்கள் என்றும் எளிதாகத் தள்ளிவிடக்கூடும். பிரசங்கிகள் பலர் தள்ளியுமிருக்கிறார்கள். அது பெரிய அநியாயம். இதே அந்தியோகியாவிலிருந்து அரசாண்ட நான்காம் அந்தியோகஸ், கி.மு. 167-ஆம் ஆண்டையொட்டி யூதருடைய நியாயப்பிரமாணத்தையே தடைசெய்தான். குழந்தைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார்கள் அக்குழந்தைகளுடனேயே கொல்லப்பட்டார்கள். தொண்ணூறு வயதான எலெயாசார் என்னும் வேதபாரகரின் வாயில் பன்றி இறைச்சியைத் திணித்தபோது, அவர் அதைத் துப்பிவிட்டுத் தாமே சித்திரவதை மேடையை நோக்கி நடந்தார் என்று மக்கபேயர் இரண்டாம் ஆகமம் கூறுகிறது. அத்தகைய மூதாதையரின் சந்ததியாருக்கு எதை உண்பது, யாரோடு உண்பது என்பவை அற்ப விஷயங்களாயிருக்க முடியுமா? இரத்தம் சிந்திக் காத்த ஒரு பொருளை அவர்கள் கையில் வைத்திருந்தார்கள். அதைக் கீழே வை என்று பிறர் சொன்னபோது பதறினார்கள்.

அன்றியும், நியாயப்பிரமாணம் கிருபைக்குப் பகையென்று கொள்வதும் வேதத்தை அரைகுறையாகப் படிப்பதேயாகும். எகிப்தின் அடிமைத்தனத்தினின்று இஸ்ரவேலர் மீட்கப்பட்டது முதலில். சீனாய் மலையில் பிரமாணம் அருளப்பட்டது அதன் பிறகு. அவர்கள் பெருந்தொகையினர் என்பதற்காகத் தெரிந்துகொள்ளப்படவில்லை, அன்பினாலேயே தெரிந்துகொள்ளப்பட்டார்கள் என்று உபாகமம் தெளிவாகச் சொல்கிறது. பக்தியுள்ள யூதனுக்குப் பிரமாணம் சுமையன்று. இலவசமாக மீட்கப்பட்ட ஜனம் எப்படி வாழவேண்டுமென்று தேவன் காட்டிய வழி அது. கமாலியேலின் பாதத்தருகே பயின்ற பரிசேயராகிய பவுல் இதை அறியாதவரல்லர்.

அறிந்திருந்தும் அவர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். யூதராயிருந்தும் இதுவரை யூதமுறையைக் கைக்கொள்ளாமல் வாழ்ந்த நீர், இப்போது புறஜாதியாரை யூதராகும்படி எப்படி வற்புறுத்தலாம் என்பது அவருடைய கேள்வி. பேதுரு ஒருவரையும் வாயால் வற்புறுத்தவில்லை. எழுந்து போனார், அவ்வளவே. ஆயினும் அந்த எழுந்துபோதல் பின்னே அமர்ந்திருந்தவர்களை நோக்கி, உங்களுக்குக் கிறிஸ்து மட்டும் போதாது என்று சொல்லிற்று. பிரமாணத்தின் கிரியைகளினால் ஒருவனும் நீதிமானாக்கப்படுவதில்லை, விசுவாசத்தினாலேயே ஆக்கப்படுகிறான் என்ற சித்தாந்தம், பிற்காலத்தில் பெரும் பெரும் நூல்களுக்கு விஷயமாகி, 16-ஆம் நூற்றாண்டில் லூத்தரின் கையில் ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்தது உண்மைதான். ஆனால், பவுலின் நிருபங்களில் அது பிறக்கும் இடம் ஒரு சாப்பாட்டுச் சச்சரவு. என் அளவில், அதை அந்தப் பந்தியிலிருந்து பிரித்தெடுத்துப் படிப்பவர்கள் அதில் பாதியை இழந்துவிடுகிறார்கள்.

இதற்கு ஆதாரமாகப் பவுல் ஆபிரகாமை அழைக்கிறார். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தபோது அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டதாக ஆதியாகமத்தின் 15-ஆம் அதிகாரம் கூறுகிறது. விருத்தசேதனக் கட்டளை வருவதோ 17-ஆம் அதிகாரத்தில். பிரமாணமோ வாக்குத்தத்தத்துக்கு 430 ஆண்டுகள் பிந்தியது. பிந்தி வந்தது முந்தினதை எப்படித் தள்ளுபடி செய்யும்? செல்வர் வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று, வயது வருமளவும் கண்காணிக்கும் பணியாளனைப் போலப் பிரமாணம் நம்மைக் கிறிஸ்துவினிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்றும் அவர் எழுதுகிறார். அந்தப் பணியாளனை அவர் இழிவுபடுத்தவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று மட்டும் சொல்கிறார்.

அப்போஸ்தலர் இருவர் பகிரங்கமாக மோதிக்கொண்டது பிற்காலத்தாருக்குப் பெருஞ்சங்கடமாயிற்று. இருவரும் பேசி வைத்துக்கொண்டு, மற்றவர்களின் போதனைக்காக நடத்திய பாவனைச் சண்டை அது என்று ஓரிகெனைப் பின்பற்றி ஜெரோம் எழுதினார். வட ஆப்பிரிக்காவிலிருந்து அகஸ்தீன் அதைக் கடுமையாக மறுத்தார். வேதத்தில் ஓரிடத்தில் உபயோகமான பொய் ஒன்றை அனுமதித்துவிட்டால் பின்பு எந்த இடத்தை நம்புவது என்பது அவருடைய வாதம். இந்தக் கடிதப் போராட்டம் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்தது. நான் அகஸ்தீனின் பக்கம். தவறிய பேதுருவையும், கண்டிக்கத் துணிந்த பவுலையும் ஒருசேர மறைக்காமல் காட்டுவதால் வேதத்தின் மதிப்பு உயர்கிறதேயன்றிக் குறைவதில்லை.

நம் நாட்டுச் சபைகளுக்கு இந்த வரலாறு தூரத்துக் கதையன்று. தஞ்சையிலும் மற்றத் தென்னாட்டு ஊர்களிலும் கிறிஸ்தவர்கள் ஜாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்து, திருவிருந்தையும் முன்பின்னாகப் பெற்றுவந்த வழக்கத்தை அடியோடு கைவிடும்படி 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் நிருபம் விடுத்தபோது, எதிர்ப்புப் பலமாக எழுந்தது. சபையை விட்டு விலகினவர்களும் உண்டு. எங்கள் விசுவாசத்தில் குறையில்லை, உட்காரும் இடத்தைப் பற்றித்தானே பேச்சு என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு விடையாகக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தைக் காட்டினாலே போதும். எலெயாசாரின் சந்ததியாருக்காவது தியாகத்தின் நினைவு பின்னணியாயிருந்தது. ஜாதிப் பந்திக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

பேதுரு என்ன பதில் சொன்னார்? பவுல் சொல்லவில்லை. அவர் இணங்கியிருந்தால், கலாத்தியாவில் விருத்தசேதனத்தை வற்புறுத்திய தம் எதிரிகளின் வாயை அடைக்க அதைவிடச் சிறந்த ஆயுதம் பவுலுக்கு இருந்திராது. அதை அவர் எடுத்தாளாமையினால், அன்றைய பந்தியில் பவுல் தோற்றார் என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. அதன்பின் அவருடைய நீண்ட யாத்திரைகளில் பர்னபா இல்லை. பிரிவுக்கு மாற்கு என்ற யோவானைப் பற்றிய பிணக்கே காரணம் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும்.

தோற்றவர் எருசலேமைக் கைகழுவவில்லை என்பதுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம். தரித்திரரை நினைத்துக்கொள்ளுங்கள் என்று எருசலேமில் வலக்கரம் கொடுத்த அன்று யாக்கோபும் பேதுருவும் யோவானும் விடுத்த ஒரே வேண்டுகோளை அவர் ஆண்டுக்கணக்காகச் சுமந்து திரிந்தார். கலாத்தியாவிலும் மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் இருந்த புறஜாதிச் சபைகளில், வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொல்லிக் காணிக்கை திரட்டினார். தங்களோடு உண்ணத் தயங்கியவர்களின் பசிக்காக அந்தக் கிரேக்கர் பணம் கொடுத்தார்கள். கொரிந்துவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு புறப்படுமுன், தாம் அதுவரை கண்டிராத ரோமாபுரிச் சபைக்கு ஒரு நெடிய நிருபம் எழுதினார். எருசலேமிலுள்ள பரிசுத்தவான்கள் இந்தக் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி எனக்காக ஜெபியுங்கள் என்று அதன் இறுதிப்பகுதியில் அவர்களைக் கேட்டுக்கொள்கிறார். ஏற்க மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த நிருபத்தையும், அதைத் தொடர்ந்து எருசலேம் தேவாலயத்தில் அவருக்கு நேர்ந்ததையும் அடுத்த இதழில் காண்போம்.