மீற்றர் காட்டும் 70, பொலிஸ் அளக்கும் 70

ஏ9 வீதியில் வாகனம் ஓட்டும் ஒவ்வொருவரிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. "70 எண்டு போட்டிருந்தா 75 வரைக்கும் மறிக்க மாட்டாங்கள்" என்பார் ஒருவர். "80இல போகலாம், எங்கட மீற்றர் எப்பவும் கூடத்தான் காட்டும்" என்பார் இன்னொருவர். செய்தி சேகரிப்பதற்காக வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மாதத்தில் பல தடவைகள் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறேன். இந்தக் கணக்குகளில் எது உண்மை, எது வெறும் நம்பிக்கை என்று பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார், மோட்டார் சைக்கிள்களுக்கு நகரப் பகுதிகளில் 50, வெளியே 70. முச்சக்கரவண்டிக்கு 40. அதிவேக நெடுஞ்சாலைகளில் 100. வடக்கில் அப்படியொரு வீதி இல்லாததால் அந்த இலக்கம் எங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை. வரம்பு 70 என்றால் 71 மீறல்தான். 73இல் போனவரை மறிக்காமல் விடுகிறார்கள் என்றால் அது ஓட்டுநரின் உரிமை அல்ல. கருவியைக் கையில் வைத்திருப்பவரின் அன்றைய தீர்மானம், அவ்வளவுதான்.

மீற்றர் கூடக் காட்டும் என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. வாகன உற்பத்தியாளர்கள் பல நாடுகளில் பின்பற்றும் ஐ.நா.வின் 39ஆம் இலக்க ஒழுங்குவிதி, மீற்றர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்கிறது. கூடக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு. காருக்கு உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீற்றர், மோட்டார் சைக்கிளுக்குப் பத்தில் ஒரு பங்கோடு 8 கிலோமீற்றர். இதன்படி உண்மையில் 70இல் போகும் காரின் மீற்றர் 81 வரையும், மோட்டார் சைக்கிளின் மீற்றர் 85 வரையும் காட்டினாலும் அது விதிக்கு உட்பட்டதுதான். கம்பனிகள் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி வைக்கின்றன. குறைத்துக் காட்டி ஒருவர் தண்டம் கட்டினால் பழி தங்களிடம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த விதியை நம்பி எல்லா வாகனத்திலும் ஏறிவிட முடியாது. எங்கள் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 'டொல்பின்' வான்கள் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களாக வந்தவை. ஜப்பானின் பரிசோதனை முறையில் மீற்றர் 40 காட்டும்போது உண்மை வேகம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். 2006 வரை தயாரான வாகனங்களுக்கு அது சுமார் 31 முதல் 44 வரை இருக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அதாவது மீற்றர் குறைத்துக் காட்டும் பழைய வான் ஒன்று அங்கே பரிசோதனையில் தேறியிருக்கலாம். அந்த வானில் "மீற்றர் கூடக் காட்டும்" என்று நினைத்து 75இல் ஓடினால் உண்மை வேகம் 80ஐத் தாண்டியிருக்கவும் கூடும்.

ரயரும் ஒரு காரணம். மீற்றர் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சில்லு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் கணக்கிடுகிறது. ரயர் தேயத் தேய சில்லு சிறிதாகி, அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும். மீற்றரும் கூடக் காட்டும். 30 சென்ரிமீற்றர் ஆரையுள்ள ரயரில் 6 மில்லிமீற்றர் தேய்ந்தால் வித்தியாசம் 2 வீதம். பாரம் தாங்கட்டும் என்று பெரிய ரயர் போட்டவர்களுக்கு இது மறுபக்கமாக வேலை செய்யும்: மீற்றர் குறைத்துக் காட்டும்.

இதைப் பரிசோதிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. வீதியோரக் கிலோமீற்றர்க் கற்கள். (மைல் கணக்கு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்றால்தான் இன்றும் இடம் விளங்கும்.) மீற்றரில் 60ஐ அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போக எத்தனை செக்கன் என்று பாருங்கள். சரியான மீற்றர் என்றால் 60 செக்கன். மாங்குளத்துக்கு வடக்கே நேரான பகுதியில், பின்னால் இருந்த நண்பர் கைபேசியில் நேரம் எடுக்க, எனக்கு 65 செக்கன் வந்தது. 3600ஐ 65ஆல் வகுத்தால் 55 சொச்சம். என் மீற்றர் 60 என்று சொல்லும்போது நான் ஓடுவது 55. ஒரு கல்லை மட்டும் நம்பாமல் நாலைந்து கற்களுக்கு எடுத்துச் சராசரி பாருங்கள். நேரம் எடுப்பவர் ஓட்டுபவராக இருக்கக்கூடாது. கைபேசியின் ஜீ.பி.எஸ். காட்டும் வேகமும் நேர் வீதியில், ஒரே வேகத்தில் போகும்போது நம்பத்தக்கது. வேகம் கூட்டும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் அது பின்தங்கும்.

பொலிஸாரின் ராடர் துப்பாக்கி சில்லைப் பற்றிக் கவலைப்படாது. அது அலையை அனுப்பி, வாகனத்தில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணிக்கிறது. நிற்கும் இடத்திலிருந்து சாய்வாகப் பிடித்தால் குறைவாகவே காட்டும்; 80இல் வரும் வாகனத்தை 20 பாகை சாய்வில் பிடித்தால் 75. ஆகவே கோணத்தால் ஓட்டுநருக்கு நட்டமில்லை. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. ராடர் அலை தூரம் போகப் போக விரியும். 12 பாகை விரியும் அலை 300 மீற்றர் தூரத்தில் 60 மீற்றருக்கு மேல் அகன்றுவிடும். பஸ்ஸும் அதை முந்தும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து வந்தால் திரையில் விழுந்தது யாருடைய வேகம்? லேசர் கருவியின் கற்றை ஒடுங்கியது, அதில் இந்தக் குழப்பம் குறைவு. மறிக்கப்பட்டவர் திரையைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்பவர்கள் குறைவு. சோதனைச்சாவடியில் இறங்கு என்றால் இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, வாயைத் திறக்காமல் நின்று பழகிய தலைமுறைக்குச் சீருடையிடம் கேள்வி கேட்பது இலகுவல்ல. என் வயதுக்காரர்களுக்கும் அதே தயக்கம்தான்.

2002இல் ஏ9 திறந்து 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டது வரையான காலம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஓமந்தையைத் தாண்டியதும் ஓட்டுநர்களின் கால் தானாகத் தளரும். புலிகளின் காவல்துறை வேகத்தைப் பார்த்துத் தண்டம் எழுதியது. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கும் விலக்கில்லை. அன்றைய வீதி குண்டும் குழியுமாக இருந்ததும், ஓரத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றதும் வேகத்தைக் குறைத்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என்றாலும் பிடிபடுவது நிச்சயம் என்ற எண்ணம்தான் பெரிய வேலை செய்தது. இன்று காபெற் வீதியில், எதிரே வருபவர் லைற் அடித்துக் காட்டும் ஒரு கிலோமீற்றருக்கு மட்டும் எல்லோரும் 60இல் போகிறோம். மரத்தடியில் நிற்பவரைக் கடந்ததும் பழைய வேகம். தண்டத்தை எவ்வளவு கூட்டினாலும் இது மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாறவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 50இல் வருபவர் வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு, ஒன்றரைச் செக்கனில் சுதாரித்துப் பிறேக் பிடித்தால், காய்ந்த தரையில் ஏறத்தாழ 35 மீற்றரில் நிற்பார். 70இல் வருபவர் அந்த 35ஆவது மீற்றரில் இன்னும் 60க்கு மேற்பட்ட வேகத்தில் இருப்பார். அந்த இடத்தில் மாடு மட்டும் இருக்கும் என்றில்லை. ஊன்றுகோலுடன் வீதி கடக்கும் மனிதர்கள் அதிகமுள்ள மாவட்டங்கள் இவை. அவர்களால் ஓடி ஒதுங்க முடியாது.

மறிக்கப்பட்டுவிட்டால் தெரிந்திருக்க வேண்டியவை சில. தண்டப்பணத்தைத் தபாலகத்தில் 14 நாட்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் 28 நாட்கள் வரை இரட்டிப்பாகக் கட்டலாம், அதன் பிறகு நீதிமன்றம். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்திருந்தால் அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். நான் பார்த்த சீட்டுகள் பலவற்றில் கையால் நிரப்பிய பகுதி சிங்களத்தில் இருந்தது. எந்தக் குற்றத்துக்குக் கட்டுகிறோம் என்று தெரியாமலே தபாலகத்தில் வரிசையில் நிற்பவர்களைக் கண்டிருக்கிறேன். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகள் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்திடும் முன், எழுதியிருக்கும் வேகம் என்ன, வரம்பு என்ன என்ற இரண்டு இலக்கங்களையாவது கேட்டு, இடத்தையும் நேரத்தையும் சேர்த்து உங்கள் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று போனால் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.