கண்ணாடிமேல் ஒரு மென்படலம்



யானைக்கவுனியின் குறுந்தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் போக எஞ்சும் இடம் 10 சதுர மீட்டர் என்று கொள்வோம். உச்சி வெயிலில் அங்கு விழும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 10 கிலோவாட். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கை மின்சாரமாக்கும் தகடு 1 கிலோவாட் தரும். பத்தொன்பது பங்கை மாற்றும் தகடு, அதே இடத்தில், 1.9 கிலோவாட் தரும். பயன்திறனைக் கூட்ட அறிஞர் ஏன் இவ்வளவு பாடுபடுகின்றனர் என்பது இப்போது விளங்கும்.

அத்தகைய தகடுகள் நமக்கு அண்மையிலேயே உருவாகின்றன. திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில், ஆண்டுக்கு 3.3 கிகாவாட் அளவுக்குத் தகடு செய்யவல்ல ஃபர்ஸ்ட் சோலார் தொழிற்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது.

வழக்கமான சிலிக்கன் வில்லையின் கனம் ஏறத்தாழ 150 மைக்ரான். இங்கோ, காட்மியம் டெலூரைடு என்னும் சேர்மம் சுமார் 3 மைக்ரான் கனத்திலேயே கண்ணாடிமேல் படிகிறது. ஒளியை உறிஞ்சுவதில் அது சிலிக்கனைவிட மிக வல்லது. ஆதலின் மெல்லிய படலமே போதும். சேர்மத்தை ஆவியாக்கிப் படியச் செய்து, லேசர்க் கதிரால் கோடிட்டுக் கலங்களாகப் பிரித்து இணைக்கின்றனர். வெறுங் கண்ணாடியாக நுழைவது ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் மின்தகடாக வெளிவருகிறது.

ஆனால் இப்படலம் ஒரே படிகமன்று. எண்ணிறந்த சிறு படிகமணிகளின் கூட்டம். ஒளி எழுப்பிய எலெக்ட்ரான்கள் மணிகளின் எல்லையிலுள்ள குறைகளில், பள்ளத்தில் இறங்கிய வண்டிச் சக்கரம்போல், சிக்கிக்கொள்கின்றன. அவற்றின் ஆற்றல் வீணே வெப்பமாகிறது. இதற்குக் கண்ட மருந்து வியப்பானது. படலத்தின்மேல் காட்மியம் குளோரைடைப் பூசி, ஏறத்தாழ 400 டிகிரி செல்சியசில் சுடுகின்றனர். குளோரின் எல்லைகளுள் புகுந்து குறைகளை அடக்குகிறது. மங்கிக் கிடந்த கலம் பன்மடங்கு திறன் பெறுகிறது. நெடுங்காலம் விடைத்தாள் திருத்திய எனக்கு இப்படியொரு சூளை கிடைத்ததில்லை!

ஆய்வுக்கூடக் கலங்களின் பயன்திறன் 2001இல் நூற்றுக்கு 16.5ஐ எட்டி, பத்தாண்டு அசையாது நின்றது. பின்னர்ச் செலினியத்தைச் சேர்த்தனர். செந்நிறத்திற்கு அப்பாற்பட்ட ஒளியிலும் ஒரு பகுதி பயன்பட்டது, குறைகளும் தணிந்தன. 2016இல் 22.1 எட்டப்பட்டது.

காட்மியம் நச்சுப்பொருள். அதை மாணவரிடம் மறைத்தல் முறையன்று. டெலூரியத்தோடு சேர்ந்த நிலையில் அது நீரில் எளிதிற் கரையாது. இரு கண்ணாடிகளுக்கிடையே அடைபட்டும் இருக்கிறது. ஆயினும் ஆயுள் முடிந்த தகட்டைப் பழைய சாமான் வண்டியில் எடைக்குப் போடலாகாது. உரிய ஆலைக்கு அனுப்பி, பொடித்து, அமிலத்தில் கரைத்து, உலோகங்களை மீட்டல் வேண்டும். அவ்வாறு மீளும் டெலூரியமோ அரிய தனிமம்; பெரும்பாலும் செம்பைத் தூய்மையாக்கும்போது துணைப்பொருளாகவே கிடைப்பது.