ஊசி போட்டாச்சு, அப்புறம்?

மலையகத்துக்குத் தடுப்பூசி புதிதல்ல. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த காலத்தில், கடல் தாண்டுமுன் மண்டபம் முகாமில் தங்கவைத்து அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். அந்த அக்கறை ஆளுக்காகவா, தேயிலைக்காகவா என்பது வேறு கதை. 1978இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் பிறகு தோட்டங்களையும் எட்டியது. இன்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஊசியே போடாத பிள்ளையைக் காண்பது அரிது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல்.

ஆனால் 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டங்களில் 32 சதவீதம். ஊசி எட்டிய லயத்துக்குச் சத்துணவு எட்டவில்லை. நோயெதிர்ப்புச் சக்திக்கோ இரண்டும் வேண்டும்.

எந்த வயதில் எது

பிறந்ததும் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஆறு மாதமாகியும் இடது கையில் தழும்பு தெரியாவிட்டால் மிட்வைஃபிடம் காட்டுங்கள். 2, 4, 6 மாதங்களில் போலியோ மருந்தோடு ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி: தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஹெப்படைட்டிஸ் பி, ஹிப் கிருமி. 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு. ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. ஒன்றரை, மூன்று, ஐந்து வயதுகளில் மீண்டும் உண்டு. பாலர் பாடசாலைப் பருவத்து ஊசிகள்தாம் மறந்துபோகும். பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் கிளினிக் நினைவு மங்கிவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி 2017 முதல் பாடசாலையிலேயே போடப்படுகிறது.

பெரட்டும் கிளினிக்கும்

கிளினிக் நாள் வேலைநாளில் வந்தால், காலைப் பெரட்டுக்குப் போக முடியாத அம்மாவுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். அதனால் தள்ளிப்போடுவதை அலட்சியம் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் கிளினிக்குக்குப் போகும் தாயின் பேரை வெட்டாமல் விடுவது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. தள்ளிப்போன ஊசியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம்.

“சளி பிடிச்சிருக்கு, அடுத்த மாசம் பாப்போம்” என்பதும் வேண்டாம். இந்தக் குளிரில் சளியில்லாத மாதம் ஏது? லேசான சளி, இருமல் தடையல்ல. கடும் காய்ச்சல் இருந்தாலோ, முந்திய ஊசிக்குப் பெரிய ஒவ்வாமை வந்திருந்தாலோ முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஓரிரு நாள் காய்ச்சலும் போட்ட இடத்தில் வீக்கமும் வழமைதான்.

லயத்தில் சின்னமுத்து

சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. 2023இல் நோய் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. நோயாளி வெளியே போன பிறகும் இரண்டு மணிநேரம் வரை இந்த வைரஸ் அறைக் காற்றில் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் லயத்தில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வரும்போது கிருமியும் பஸ் ஏறும். ஒன்பது மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கு வழமையான சின்னமுத்து ஊசி இன்னும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சின்னமுத்துக்கான இரண்டு ஊசியும் போட்டிருப்பதுதான் அதற்குக் காவல்.

ஊசிப் பட்டியலில் இல்லாதவை

ரோட்டா வயிற்றோட்டத்துக்கும், நியூமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கும் ஊசி இருக்கிறது. அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரில் காசு கட்டிப் போடலாம், தோட்டச் சம்பளத்தில் எத்தனை பேருக்கு முடியும்? ஆகவே நியூமோனியாவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் எதிரான வேலை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்க வேண்டும். பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். விறகடுப்புப் புகை பிள்ளையின் நுரையீரலைப் பலவீனமாக்கும். சமைக்கும்போது தொட்டில் அடுப்படியில் வேண்டாம்.

பாலும் சாயத் தண்ணியும்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். மலைக்குப் போகும் தாய்க்கு, பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளைக்காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணிநேரம். கங்காணி தரும் சலுகையல்ல அது, கேட்டு வாங்குங்கள்.

பிறகு வருகிறது ரொட்டியும் சாயத் தண்ணியும். தேயிலையில் உள்ள டானின் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. நாம் பறிக்கும் இலைதான், ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. முட்டை, பருப்பு, நெத்தலி, லயத்துக் கொல்லையில் முளைக்கும் கீரை, கிளினிக்கில் கிடைத்தால் திரிபோஷா, இவற்றில் ஏதாவது தினமும் தட்டில் இருக்கட்டும். திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்தால் பிள்ளைக்கு மிஞ்சாது. கிளினிக்கில் கொடுக்கும் விட்டமின் ஏ, பூச்சி மருந்து இரண்டையும் தவறவிடாதீர்கள்.

உடனே புறப்பட வேண்டியது எப்போது?

மூச்சு வேகமாக வாங்கினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போனால், பால் குடிக்க முடியாவிட்டால், வலிப்பு வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளம்பும்போது பிள்ளையின் கிளினிக் பதிவேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த ஊசி போட்டது என்று டாக்டர் கேட்பார்.