கிளட்ச்சுக்கும் கொஞ்சம் தளர்வு வேண்டும்

ஓர் ஓட்டுநர் இருந்தார். கடன் வாங்கி ஒரு பழைய மாருதி 800 கார் வாங்கினார். அதை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார்.

ஒரு நாள் வண்டி மேட்டில் ஏறவில்லை. எஞ்சின் உறுமியது. வேகம் கூடவில்லை. கருகிய நாற்றம் வந்தது. சவாரி பாதியில் நின்றது.

பட்டறையில் மெக்கானிக் பிரித்துப் பார்த்தார்.

"கிளட்ச் பிளேட் கருகிப் போச்சு அண்ணே. கேபிளை யார் இப்படி இறுக்கினது?"

"நான்தான் தம்பி. பெடல் தொளதொளன்னு இருந்துச்சு. இறுக்கினா நல்லதுன்னு நினைச்சேன்."

நல்ல எண்ணம்தான். ஆனால் செலவு வைத்துவிட்டது. ஏன்?

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுழற்சி கியர் பெட்டி வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. கியர் மாற்றும்போது இந்தத் தொடர்பைச் சிறிது நேரம் துண்டிக்க வேண்டும். அதுதான் கிளட்ச்சின் வேலை.

எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரத்துக்கு பிளைவீல் என்று பெயர். கிளட்ச் பிளேட்டை பிரஷர் பிளேட் என்ற பாகம் பிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். அப்போது மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் பேரிங்கைத் தள்ளும். பிடி விடும். கிளட்ச் பிளேட் தனியாகும்.

தளர்வு எதற்கு?

பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். முதலில் லேசாக இறங்கும். பிறகுதான் கனம் தெரியும். லேசாக இறங்கும் தூரத்தைப் பட்டறையில் 'பிளே' என்பார்கள். பல சிறிய கார்களில் இது ஏறக்குறைய 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதன் கையேட்டில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பாருங்கள்.

வண்டி மாட்டின் மூக்கணாங்கயிற்றை எப்போதும் இழுத்துப் பிடித்தால் மாடு நடக்குமா? கிளட்ச்சும் அப்படித்தான். பிளே இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கேபிள் இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி முழுதாக விழாது. பிளேட் வழுக்கிச் சூடேறிக் கருகும்.

பிளே அதிகமாக இருந்தாலும் கெடுதல்தான். பெடலை முழுதாக மிதித்தாலும் பிடி விடாது. கியர் கரகரவென்று சத்தம் போடும். ரிவர்ஸ் கியர் விழ மறுக்கும்.

பிளே தானாகவும் மாறும். கேபிள் நீண்டால் பிளே கூடும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிளே குறையும். ஆகவே அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

சரி செய்வது எப்படி?

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள். கைபிரேக் போடுங்கள். சக்கரங்களுக்குக் கல் அடை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

2. பெடலின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து பிளேயை அளங்கள்.

3. கியர் பெட்டியின் அருகில் கேபிள் முடியும் இடத்தில் ஒரு நட் இருக்கும். அதை இறுக்கினால் பிளே குறையும். தளர்த்தினால் பிளே கூடும்.

4. சிறிது திருப்பி, மறுபடி அளங்கள். அளவு சரியானதும் எஞ்சினை ஓடவிட்டு கியர் போட்டுப் பாருங்கள்.

நட் மரையின் கடைசி வரை போயும் அளவு கிடைக்கவில்லையா? கேபிளோ பிளேட்டோ ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எப்போது மாற்றுவது?

கேபிளில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புதிது போடுங்கள். நடுவழியில் அறுந்தால் ஆபத்து. புதுக் கேபிள் உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்கட்டும். அது கூர்மையாக மடங்காமலும் சூடான குழாயில் உரசாமலும் போக வேண்டும். இதுவே பெடலை லேசாக்கும்.

சில கார்களில் கேபிளுக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்ச் இயங்கும். பெரும்பாலும் அதில் பிளேயை அடிக்கடி திருத்த வேண்டியதில்லை. எண்ணெய் குறைகிறதா, கசிகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் கேபிள் வண்டியை அப்படி மாற்றப் பல பாகங்கள் வேண்டும். நல்ல கேபிள் இருக்கும்போது அந்தச் செலவு தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. பழைய கிளட்ச் பிளேட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

அந்த ஓட்டுநர் இப்போது வண்டியில் ஒரு சிறிய ஸ்கேல் வைத்திருக்கிறார். ஒரு நோட்டும் வைத்திருக்கிறார். அளந்த தேதியையும் அளவையும் அதில் எழுதுகிறார். ஓட்டும்போது தேவையில்லாமல் பெடலில் கால் வைப்பதில்லை.

பேசிப் பார்ப்போம்

1. பிளே இல்லாவிட்டால் என்ன ஆகும்?
2. ரிவர்ஸ் கியர் விழாவிட்டால் முதலில் எதை அளப்பீர்கள்?