சாணக்குழி வாயு

வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளின் மரக்கறிச் செய்கைக்கும் வயலுக்கும் சாணம் இன்றியமையாதது. ஆயினும் மூடிய குழியில் காற்றின்றி அழுகும் சாணத்திலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு தோன்றுகின்றது. சாணக்குழம்பைக் கலக்கும்போதே அது மிகுதியாக வெளிப்படும். காற்றினும் கனமானதாதலின் குழிக்குள்ளேயே தங்கும்.

அழுகிய முட்டை நாற்றமே இதன் அடையாளம். ஆனால் நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதென்று கருதலாகாது. காற்றின் பத்து இலட்சம் பங்கில் 100 பங்கு இவ்வாயு சேர்ந்தாலே மூக்கு மணமறியும் ஆற்றலை இழந்துவிடும். 500 பங்கைக் கடந்தால் சில நிமிடங்களில் மயங்கி வீழ்ந்து உயிரிழக்க நேரும். கிணற்றிற்குச் செய்வதுபோல் விளக்கை இறக்கிப் பார்ப்பது பெருந்தவறு. விளக்கு இவ்வாயுவைக் காட்டாது. குழியிலுள்ள மெதேன் வாயு தீப்பற்றி வெடிக்கவுங் கூடும்.

2018 ஏப்பிரலில் ஹொரணையில் இறப்பர்த் தொழிற்சாலைக் குழியொன்றில் வீழ்ந்தவரைக் காக்க இறங்கியவர்களும் மாண்டனர், இறந்தோர் ஐவர். அங்கிருந்தது அமோனியா. சாணக்குழியிலும் துணைக்கு ஓடுபவரே அடுத்து வீழ்வர்.

ஆகவே காற்று வீசும் பகற்பொழுதில், காற்று வரும் பக்கத்தில் நின்று, நீண்ட கோலினாற் கலக்குக. மூக்கிற் கட்டும் துணி இவ்வாயுவைத் தடுக்காது. எவரேனும் வீழ்ந்துவிட்டால் குழிக்குள் இறங்காது 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்க வேண்டும்.